ஏழாம் மிதவையில் அணையும் பெட்டி

ஏழாம் மிதவை, மன்னார் வளைகுடா. பணிப் பதிவு.
எழுதுவது: மரிய சலேத், மேல்தளக் காவல்.

செவ்வாய், காலை 6.00

வாடைக்காற்று லேசாக இருக்கிறது. ஜெனரேட்டர் ஒழுங்காக ஓடுகிறது. குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது, உப்புக் கரிக்கவில்லை.

புதிதாக இதைப் படிக்கிறவர்களுக்கு: எங்களுக்குக் கீழே கடலடியில் நன்னீர் ஊற்று. கரையில் இருக்கிற நான்கு ஊர்களுக்குக் குடிதண்ணீர் அதுதான். ஊற்று வாயில் குழாய் விரிசல் விட்டதால் அதைச் சரிசெய்ய ஜெனோவா இறங்கியிருக்கிறாள். என் மகனுடைய மனைவி. கீழே இரும்புக் கூடு ஒன்றில் தங்கி வேலை செய்கிறாள். இன்று நான்காம் நாள்.

அவளுக்கு மூச்சுக்காற்று இங்கிருந்து போகிறது. காற்றுக் குழாயின் வால்வு, கூட்டைத் தூக்குகிற வடத்தின் பிரேக், இரண்டையும் கவனிப்பது இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி. புதிய கட்டுப்பாட்டு இயந்திரம் பழுதாகிக் கரைக்குப் போயிருக்கிறது. அது வரும்வரை இது, மூடிப்போன பிரவுசிங் சென்டர் ஒன்றில் வாங்கிய பழைய டெஸ்க்டாப். பெட்டியைப் போட்டதும் அது செய்கிற முதல் காரியம் பிரேக்கை இறுக்கிப் பிடித்துப் பார்ப்பது. கூட்டிலிருந்து கம்பி வழியாகப் பதில் வந்தால்தான் பிரேக்கை விடும், வால்வைத் திறக்கும். அணைந்தால் வால்வு மூடிக்கொள்ளும், பிரேக் கவ்வும். அப்புறம் இந்தப் பதிவு தானாகத் திரையில் திறக்கும். கடைசியில் எழுதியது முதலில் தெரியும்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். இந்தப் பெட்டியைத் தனியாக ஓட்டலாம் என்று எனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளைச் சட்டம் போட்டு மேலே மாட்டியிருக்கிறேன்.

என்னோடு இருந்த லூர்து அண்ணனுக்குக் காய்ச்சல். நேற்றுப் படகில் கரைக்குப் போனார். மாற்று ஆள் வியாழக்கிழமை வருவார்.

செவ்வாய், காலை 8.40

பெட்டி அணைந்தது. யாரும் தொடவில்லை. டக்கென்று ஒரு சத்தம், திரை கறுத்துவிட்டது. வால்வு தானாக மூடிக்கொண்டது. சுவிட்சை அமுக்கினேன், எழுந்தது. வால்வு திறந்தது.

கூட்டிலிருந்து வந்த பேச்சு:

"மாமி, மேல தூங்கிட்டீங்களா? காத்து நின்னுபோச்சு."

"தூங்குத ஆளு நானில்ல. பெட்டி படுத்துட்டு. எழுப்பிட்டேன். நீ உன் வேலையப் பாரு."

"பெட்டியும் உங்க பேச்சக் கேட்டு அலுத்துப்போயிருக்கும்."

காற்று நின்றால் உடனே ஆபத்தில்லை. கூட்டுக்குள் சிலிண்டர் இருக்கிறது. ஆனால் அது அவசரத்துக்கு மட்டும்.

செவ்வாய், காலை 9.30

கரை நிலையத்தில் ஜெர்சன் இருந்தான். பெட்டிகளைப் பழுது பார்க்கிறவன், பொறுமையான பையன்.

"சூடுதான் சலேத்தம்மா. பழைய பெட்டி சூடானா தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சிரும். தெறந்து தூசியத் தட்டுங்க. விசிறி சுத்துதான்னு பாருங்க. மெமரி பட்டையக் கழட்டி அழிரப்பரால தேய்ச்சு மாட்டுங்க."

திறந்தேன். உள்ளே பஞ்சு மாதிரி தூசி, செத்த கரப்பான் ஒன்று. பிரஷ்ஷால் கூட்டி எடுத்தேன். விசிறி சுற்றுகிறது. மிதவையில் அழிரப்பர் கிடையாது. பென்சில் குண்டியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதைவைத்துத் தேய்த்தேன். பட்டை பளபளவென்று ஆகிவிட்டது. மூடிப் போட்டேன்.

செவ்வாய், மாலை 3.00

காலையிலிருந்து இதுவரை அணையவில்லை. இனி அணையாது. ஜெர்சனிடம் சொல்லிவிட்டேன்.

செவ்வாய், மாலை 5.50

அணைந்தது. எழுப்பினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அணைந்தது.

கரண்ட் குறைகிறதா என்று ஜெர்சன் கேட்டான். அறை விளக்கு சிமிட்டவே இல்லை. அப்படியென்றால் கரண்ட் காரணமில்லை, சூடுதான் என்றான். எனக்கும் அதுதான் தோன்றியது.

ஜன்னல் இரண்டையும் கடல் பக்கமாகத் திறந்து வைத்தேன். சாக்கு இரண்டை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டேன். மார்கழி மாதிரிக் குளுகுளுவென்று வருகிறது. இனிமேல் சூடு என்ற பேச்சுக்கே இட

செவ்வாய், மாலை 6.10

இடமில்லை என்று எழுதிக்கொண்டிருந்தேன். அணைந்துவிட்டது.

சாக்கை இன்னொரு தடவை நனைத்தேன்.

புதன், காலை 6.15

விடியும்வரை எழுப்புவதும் விழுவதுமாகப் போனது. எண்ணவில்லை.

கரையிலிருந்து உத்தரவு. காற்று மாறுகிறது, மாலைக்குள் கடல் கொந்தளிக்கும். கூட்டை இப்போதே தூக்கச் சொல்கிறார்கள். படகு அனுப்ப முடியாது, அலை ஏற்கெனவே உயர்ந்துவிட்டது.

கூட்டை ஒரே மூச்சில் தூக்கக் கூடாது. அடிக்கடலில் நாள்கணக்கில் இருந்த உடம்பு. வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிவிடும். நான்கு இடத்தில் நிறுத்த வேண்டும், ஒவ்வொன்றிலும் காத்திருக்க வேண்டும். அப்படித் தூக்கினால் வந்து சேர இருட்டிவிடும்.

ஜெனோவா சொன்னது:

"வடத்தை மெதுவா இழுங்க மாமி. நீங்க துணி காயப்போடுத கொடிய இழுக்க மாதிரி இழுக்காதீங்க."

"எனக்குச் சொல்லித் தாரியாளா நீ."

புதன், காலை 8.05

முதல் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் கீழே வரும்போது பெட்டி அணைந்தது. ஓடிக்கொண்டிருந்த வடத்தைப் பிரேக் கவ்விப் பிடித்தது. மிதவையே குலுங்கியது. தேநீர் டம்ளர் கீழே விழுந்தது.

"மாமி."

"இருக்கேன்."

"மண்டையில அடிபட்டுட்டு. பெருசா ஒண்ணுமில்ல. சிலிண்டரத் திறந்திருக்கேன்."

"மூடு. காத்து வந்துட்டு."

எழுப்பிவிட்டு வெளியே போய் வடத்தைப் பார்த்தேன். பிரேக் கவ்விய இடத்தில் இரும்பு இழைகள் அறுந்து முள்மாதிரி நீட்டிக்கொண்டிருக்கின்றன. இன்னும் ஒருமுறை இப்படிக் கவ்வினால் தாங்குமா என்று தெரியவில்லை. இதை ஜெனோவாவிடம் சொல்லவில்லை.

புதன், காலை 9.20

முதல் நிறுத்தம். தூறல். அணைந்தது. நல்லவேளை, வடம் நின்றிருந்தது.

பெட்டிக்குள் சூட்டைக் கடத்துகிற பசை காய்ந்திருக்கும், பற்பசை தடவினால் கொஞ்ச நேரம் தாங்கும் என்றான் ஜெர்சன். தடவினேன். அணைந்தது.

"சலேத்தம்மா, நான் அங்க இருந்தா கையால தொட்டுப் பாத்திருப்பேன். இங்க இருந்து யோசிக்க மட்டுந்தான் முடியுது."

"நீ யோசி. தொடுததுக்கு எனக்குக் கை இருக்கு."

சாக்கு, ஜன்னல், விசிறி எல்லாம் செய்தாயிற்று. நேற்று அறை புழுக்கமாக இருந்தபோது இவ்வளவு தடவை விழவில்லை.

புதன், பகல் 12.30

தூறல் நின்று வெயில் அடிக்கிறது. அறை அடுப்பு மாதிரி இருக்கிறது. சாக்கு காய்ந்து மொடமொடவென்று ஆகிவிட்டது. பெட்டியின் முதுகில் கை வைக்க முடியவில்லை.

பெட்டி அணையவே இல்லை.

நேற்றும் உச்சிவெயிலில் சும்மா இருந்தது. விழுவது காலையில், மாலையில், தூறலில், நான் சாக்கு நனைத்த பிறகு. ஆக, இதற்குச் சூடு ஒன்றும் செய்யவில்லை. ஈரம்தான் எதிரி. நான் இரண்டு நாளாக ஈரத்தை வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜன்னலை அடைத்தேன். சாக்கை வெளியே எறிந்தேன். வெயில் இருக்கும்போதே இரண்டாம் நிறுத்தம்வரை தூக்கினேன். ஒரு குலுக்கல் இல்லை.

ஆனால் அறை முழுக்க ஈரம் இருந்தும் விளக்கு சிமிட்டவில்லை. பெட்டிக்கு மட்டும் எங்கே ஈரம் படுகிறது? பெட்டிக்குள் காய்ந்துதான் இருக்கிறது.

புதன், பகல் 1.45

கண்டுபிடித்துவிட்டேன்.

மேசைக்கு அடியில் ஒயரெல்லாம் தொங்குவது அசிங்கமாக இருக்கிறதென்று நானே ஒரு திரை தைத்துப் போட்டிருந்தேன். அதைத் தூக்கவே இல்லை. இப்போது தூக்கினேன். பெட்டிக்குக் கரண்ட் போகிற பிளக் பலகை ஆணியில் மாட்டியிருக்கிறது. அதே ஆணியில், பலகைக்கு நேர் மேலே, ஒரு துணிப் பொட்டலம். நீலத்தில் வெள்ளைப் பூ.

பிரித்தேன். கல்லுப்பு. ஐந்தாறு காய்ந்த மிளகாய்.

கடல் காற்றில் உப்பு நீர்விட்டு, துணி நனைந்து, சொட்டுச் சொட்டாகப் பலகைக்குள் இறங்கியிருக்கிறது. உள்ளே பச்சைக் களிம்பு. ஒரு சொட்டு விழும் நேரம் கரண்ட் தடுமாறும், பெட்டி படுத்துவிடும். அந்தப் பலகையில் வேறு எதுவும் மாட்டவில்லை. விளக்கு எப்படிச் சிமிட்டும்.

அந்தத் துணியை எனக்குத் தெரியும்.

புதன், பகல் 2.00

"ஏளா ஜெனோவா. நீலத்துல வெள்ளைப் பூ போட்ட துணி யாருடையது?"



"எந்தத் துணி மாமி?"

"மேசைக்கு அடியில தொங்குத துணி."

"என் பழைய நைட்டி. கிழிஞ்சுபோனது."

"அதுக்குள்ள உப்பும் மிளகாயும் வச்சது யாரு? மாதாவா?"

"கோவப்படாதீங்க. இறங்குத அன்னைக்கு எத்தன படகு வந்திருந்துது. நீங்க மைக்கப் பிடிச்சு, என் மருமவ மாதிரி ஒருத்தி இந்தக் கடல்ல இறங்குனதில்லன்னு ஊரு முன்னால சொன்னீங்கல்லா. அம்புட்டுக் கண்ணும் என் மேல."

"சொன்னா என்ன? உள்ளதத்தான சொன்னேன்."

"ஏழு வருசத்துல என்னைய ஒரு நல்ல வார்த்த சொன்னதுண்டா நீங்க? நான் வச்ச மீன் குழம்ப நல்லாருக்குன்னு சொன்னதுண்டா?"

"நல்லாருந்தா சொல்ல மாட்டேனா?"

"அதத்தான் சொல்லுதேன். அப்படிப்பட்ட நீங்க திடீர்னு புகழ்ந்தா எனக்குப் பயமா இருக்காதா? கண்ணு பட்டுரும்னு, இறங்குததுக்கு முந்தி உங்களுக்குத் தெரியாம கட்டிட்டேன். தெரிஞ்சா கோயிலுக்குப் போறவளுக்கு இது எதுக்குன்னு கேப்பீங்க."

கேட்டிருப்பேன். உண்மைதான்.

பலகையைக் கழற்றி எறிந்தேன். சமையலறையிலிருந்த பலகையைக் கொண்டுவந்து மாட்டினேன். கரண்ட் அடுப்பைப் போட வழியில்லை, இன்று சோறு கிடையாது. பரவாயில்லை.

புதன், மாலை 3.40

அணையவில்லை. வானம் கறுத்துவிட்டது, ஈரக் காற்று வருகிறது, இருந்தும் அணையவில்லை.

இரண்டாம் நிறுத்தத்தின் காத்திருப்பு முடிந்தது. மூன்றாம் நிறுத்தத்துக்குத் தூக்கினேன். வடம் வழவழவென்று வந்தது. ஜெர்சனிடம் உப்புக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை, பெருமூச்சு விட்டான். சிரிப்பு ஐந்து நிமிடம் கழித்துத்தான் வந்தது. தன் பெட்டிக்கு அடியிலும் குனிந்து பார்த்தானாம்.

என் பேத்தி கரையிலிருந்து பேசினாள். அம்மா எப்போது வருவாள் என்றாள். சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள் என்றேன்.

புதன், மாலை 4.25

அணைந்தது.

பலகை காய்ந்திருக்கிறது. திரையைக் கழற்றிவிட்டேன், அடியில் எல்லாம் தெரிகிறது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

எழுப்பினேன். பிரேக்கை இறுக்கிப் பிடித்தது. கூட்டிலிருந்து பதில் வந்தது, விட்டது. மறுபடி பதில் நின்றது, பிடித்தது. அணைந்தது. மறுபடி எழுப்பினேன்.

புதன், மாலை 4.40

ஜெனோவா பேசினாள். குரல் பாதி இரைச்சல்.

"மாமி. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நான் ரெண்டு பொட்டலம் கட்டினேன்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு புரிந்தது.

"எங்க கட்டியிருக்க?"

"இங்கதான். கூட்டுக்குள்ள. மேல இருந்து கம்பி வந்து சேருத டப்பா இருக்குல்லா, அது மேல. வேற கொக்கி இல்ல. இப்பதான் பாத்தேன், துணி சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. எடுத்துட்டேன். டப்பா மூடியச் சுத்தி வெள்ளை பூத்திருக்கு."

"துடைச்சியா?"

"வெளிய துடைச்சிட்டேன். உள்ள போயிருக்கு மாமி. இந்த ஈரத்துல திறந்தா மொத்தமாப் போயிரும்."

ஜெர்சனைக் கேட்கலாம் என்று கரை ரேடியோவைப் போட்டேன். இரைச்சல் மட்டும். கூரைமேல் ஏரியல் கம்பி சாய்ந்து கிடக்கிறது.

புதன், மாலை 5.05

நிலைமை இது. கூட்டிலிருந்து வருகிற கம்பி செத்துக்கொண்டிருக்கிறது. அது தடுமாறும்போதெல்லாம் பெட்டியும் படுத்துவிடுகிறது. கம்பியை அறுத்துவிட்டால் பெட்டி பதில் கிடைக்காமல் வடத்தை விடவே விடாது. அறுக்காமல் தூக்கினால் நடுவழியில் கவ்வும். வடத்தில் இழை பாதிக்குமேல் அறுந்துவிட்டது. இன்னொரு கவ்வலை அது தாங்காது. அங்கேயே நிறுத்தி வைக்கலாமென்றால் அலை மிதவையைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. ஒவ்வொரு தூக்கலிலும் வடம் முறுக்கிக்கொண்டு கத்துகிறது.

இன்னொரு வழி இருக்கிறது. பெட்டி அணைந்திருக்கும்போது மட்டும் பிரேக்கைக் கையால் தளர்த்தி, கைப்பிடியைச் சுற்றி வடத்தை இழுக்கலாம். பல்சக்கரம் இருக்கிறது, கையை எடுத்தாலும் வடம் பின்னால் ஓடாது. கையால் இழுத்தால் அவ்வளவு மெதுவாக வரும், நிறுத்தத்தில் தனியாகக் காத்திருக்க வேண்டாம். கைப்பிடி இரண்டு பக்கமும் நீண்டிருக்கும். அதன்மேல் தகட்டில் எழுதியிருக்கிறது: இருவர் சுற்றவும்.

பெட்டி அணைந்தால் வால்வு மூடிவிடும். அவளுக்குச் சிலிண்டர் மட்டும்தான். இந்த இரண்டு நாளில் பெட்டி விழுந்தபோதெல்லாம் அதைத் திறந்து திறந்து மூடியிருக்கிறாள்.

"சிலிண்டர் முள்ளு எங்க நிக்கு?" என்று கேட்டேன்.

"சிவப்புக்கு மேல. கொஞ்சம் மேல."

"படுத்துக்கோ. பேசாத. பாட்டுப் பாடாத. நீ பாடுனா காத்து ரொம்பச் செலவாகும்."

"மாமி, கையாலயா இழுக்கப்போறீங்க? உங்களுக்குத் தோள்பட்டை..."

"என் தோள்பட்டையப் பத்தி உனக்கென்ன. பிள்ள பெத்தவ, தண்ணி சுமந்தவ. நீ ஸ்பேனர எடுத்து வச்சுக்கோ. அப்பப்ப வடத்துல ரெண்டு தட்டு தட்டு. நான் கை வச்சுப் பாப்பேன். தட்டுனா இருக்கன்னு அர்த்தம்."

"சரி."

அந்த நேரத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்போல வாய்வரை வந்தது. அந்த மீன் குழம்பு நன்றாகத்தான் இருக்கும், எப்போதும். ஆனால் இப்போது நான் அதைச் சொன்னால் அவள் பயந்துவிடுவாள். எனக்கு நம்பிக்கை போய்விட்டது என்று நினைப்பாள். அதனால் திட்டினேன்.

"மேல வா, உனக்கு இருக்கு. நைட்டிய ஒண்ணு கிழிச்சியா, ரெண்டு கிழிச்சியா, எல்லாத்துக்கும் கணக்குக் கேப்பேன்."

சிரித்தாள். சிரிப்பு நடுவில் கம்பி செத்துவிட்டது.

புதன், மாலை 5.20

பெட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது. சிமிட்டுகிறது. இரண்டு நாளாக, அணையாதே அணையாதே என்று இதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இப்போது நானே அணைக்கப் போகிறேன்.

வெளியே போய் ஒரு தடவை வடத்தில் கை வைத்துவிட்டு வந்தேன். இரண்டு தட்டு வந்தது.

கரையிலிருந்து யார் வந்தாலும் நேரே இந்த அறைக்குத்தான் வருவீர்கள், எனக்குத் தெரியும். கறுத்த திரையைப் பார்த்தால் சுவிட்சை அமுக்குவீர்கள். நானும் அதைத்தான் செய்திருப்பேன். சுவிட்சின்மேல் தொடாதே என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ஈரத்தில் பசை நிற்குமா தெரியவில்லை. பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் போவேன். அதையும் யாராவது மாட்டிவிடுவீர்கள். கழன்று கிடக்கிறதைக் கண்டால் மாட்டாமல் இருக்க நம் கை விடாது.

அதனால் இது. பெட்டி எழுந்ததும் முதலில் தெரிவது இந்தப் பதிவுதான்.

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் பெட்டி ஓடுகிறது. பெட்டி ஓடினால் பிரேக் கவ்வியிருக்கும். நான் வெளியே கைப்பிடியைத் தள்ளிக்கொண்டு, அது ஏன் திடீரென்று நகரவில்லை என்று தெரியாமல் நின்றுகொண்டிருப்பேன். அவள் கீழே தட்டிக்கொண்டிருப்பாள்.

மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். முதலில் இதை அணையுங்கள்.

அணைத்துவிட்டு வெளியே வாருங்கள். கைப்பிடியின் இன்னொரு பக்கம் காலியாக இருக்கிறது.